சேற்றில் இறக்காத வண்டி

சக்கரம் இரண்டா நான்கா என்பதில்தான் பெரும்பாலானவர்கள் முதல் தப்பைச் செய்கிறார்கள். இரண்டு என்றால் பாதிக் கனம் இழுப்பவர் கைக்கு வந்துவிடும். நான்கு என்றால் மேடு பள்ளத்தில் ஏதாவது ஒன்று எப்போதும் அந்தரத்தில் தொங்கும். மூன்றுதான் சரி. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. இந்த முடிவுக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவனுக்குச் சாமான் அதிகம். துப்பாக்கி போக, தோட்டாப் பெட்டி, காதுமூடி, கண்ணாடி, இடுப்பு பெல்ட், எண்ணெய், கருவிப் பை, தண்ணீர், மழைக்கோட்டு, மடக்கு நாற்காலி. எங்கள் கிளப்பின் மைதானம் பழைய கல்குவாரி. மண்சுவர் எழுப்பி அதை எட்டுத் தடுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றையும் நிலை என்போம். எட்டு நிலையிலும் சுட்டு முடித்தால்தான் போட்டி முடியும். முதல் நிலைக்கும் எட்டாவது நிலைக்கும் இடையே சரளைப் பாதையில் முக்கால் கிலோமீட்டர். அவ்வளவையும் தூக்கிக்கொண்டு நடந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் குறி தப்பும். ஆகவே வண்டி என்பது ஆடம்பரம் இல்லை, குறியின் ஒரு பகுதி. இதை நான் கிளப்பின் ஆண்டுக் கூட்டத்தில் இருபது நிமிடம் விளக்கியிருக்கிறேன். கடைசி வரிசையில் இருவர் தூங்கியது அவர்கள் விருப்பம்.

ஐயா, நீங்கள் காகிதத்தை என் முன்னால் வைத்து, "ஒரு பக்கம் போதும். உங்க மனைவி விழுந்ததைப் பாத்தீங்களா இல்லையா, அதை மட்டும் எழுதுங்க" என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் வண்டியை விட்டுவிட்டு அதை எழுதினால் பாதி உண்மைதான் இருக்கும். நான் பம்ப் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பாதி சோதித்த பம்பில் முத்திரை குத்திப் பழக்கமில்லை.

என் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, பேருந்து ஓட்டுகிறவர். உங்களிடம் கொடுத்த புகாரில், அக்காவைக் கழுதை மாதிரிச் சுமக்க வைத்தான் என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். துக்கத்தில் இருப்பவர் வார்த்தையை நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் அளவு தவறு. கழுதைமேல் அறுபது கிலோ ஏற்றுவார்கள். இவளிடம் இருபத்து மூன்றுக்கு மேல் போனதே கிடையாது. தொழிற்சாலைத் தராசில் நிறுத்துத்தான் கொடுத்தேன்.

அவளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. அவள் வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைப்பவள். திருமணமாகி இருபத்திரண்டு வருடம், குழந்தை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கிளம்பும்போது, ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றிக்கொண்டு அவளும் செருப்பை மாட்டினாள். "ஆறு நாள் தொழிற்சாலைக்குப் போறீங்க. ஏழாவது நாள் குவாரிக்குப் போறீங்க. எனக்குன்னு எட்டாவது நாள் ஒண்ணு எங்கேருந்துங்க வரும்?" என்றாள். அவளுக்கு இந்த விளையாட்டில் ஆர்வம் வந்துவிட்டது என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

முதல் வாரம் என் கை நிறைய இருந்ததால் தண்ணீர்ப் பையை வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் கருவிப் பை. எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவள், கேட்கவே வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குள் ஒவ்வொரு பையும் தனக்கென்று அவள் உடம்பில் ஓர் இடம் பார்த்துக்கொண்டது. துப்பாக்கியை மட்டும் நான் சுமந்தேன். உரிமம் உள்ளவன்தான் தொடலாம் என்பது சட்டம், சட்டத்தை நான் மீறியதில்லை. எல்லாவற்றிலும் கனமானது தோட்டாப் பெட்டி. அதைப் பூட்டி அவளிடம் கொடுப்பேன், சாவியை நான் வைத்துக்கொள்வேன். பொறுப்பை அவள்மேல் சுமத்தக் கூடாது அல்லவா.

அவளுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். "என்னங்க, உள்ள தோட்டா இருக்கா, இல்ல குவாரியிலேருந்து எடுத்த கல்லைத் திருப்பிக் குடுக்கப் போறோமா?" என்பாள். நான் சிரிப்பேன். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர், அவர்களுக்கும் அவளைப் பிடிக்கும். அவள் கண்ணில் படாவிட்டால், "சார், உங்க வண்டி இன்னிக்கி லீவா?" என்பார்கள். அவள் மண்சுவருக்குப் பின்னாலிருந்து, "வண்டி டீ குடிக்குது, பெட்ரோல் விலைக்கு அதுதான் கட்டுப்படியாகும்" என்று குரல் கொடுப்பாள். ஒருவர் சுட்டு முடித்ததும் அட்டையில் விழுந்த ஓட்டைகள்மேல் பழுப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தவருக்கு அட்டையைத் தயார் செய்ய வேண்டும். அந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. முழங்கைவரை ஸ்டிக்கரை வரிசையாக ஒட்டி வைத்துக்கொண்டு, பூத்தையல் போடுவதுபோல ஒட்டிக்கொண்டே போவாள். எங்கள் நடுவர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், யாரையும் பாராட்டிக் கெடுத்துவிடக் கூடாது என்று விரதம் இருப்பவர். அவரே ஒருநாள், குழுவில் உருப்படியான ஆள் சுடாத அந்த அம்மா ஒருவர்தான் என்றார்.

அவள் அவ்வளவு செய்கிறாளே என்றுதான் வண்டி யோசனையே எனக்கு வந்தது. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வண்டி அவளுக்காகத்தான்.

வண்டி வாங்குவது லேசு, தேர்ந்தெடுப்பது கஷ்டம். தோட்டத்துக்கு மண் அள்ளும் ட்ராலியைப் பார்த்தேன். நாலு சக்கரம், திரும்பச் சொன்னால் முரண்டு பிடிக்கும். கோல்ஃப் பை இழுக்கும் வண்டியைப் பார்த்தேன். புல்தரையில் பெரிய மனிதர், சரளையில் இறக்கினால் சாயம் வெளுத்துவிடும். மீன் பிடிப்பவர்கள் கடற்கரையில் இழுக்கும் வண்டிக்குச் சக்கரம் பூசணி மாதிரி. அதைத் தள்ளிக்கொண்டு போனால் நம்மை யார் மதிப்பார்கள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு வருடம் பார்த்தேன். மூன்று நோட்டுப் புத்தகம் நிறைந்தது. இரண்டு வருடமும் அவள் சுமந்தாள் என்று மைத்துனர் சொல்வார். தப்பான வண்டியை வாங்கியிருந்தால் வாழ்நாள் முழுக்க அல்லவா அவதிப்பட்டிருப்பாள்?

தப்பான வண்டிக்கு உதாரணம் எங்கள் குழுவிலேயே இருந்தது. மருந்துக்கடைக்காரர் ஒருவர் உண்டு, குறி சுமார், வாய் நீளம். யாரோ தெருவில் தூக்கிப்போட்ட குழந்தைத் தள்ளுவண்டியை எடுத்து, குழந்தை உட்காரும் இடத்தில் பலகையை வைத்துக் கயிற்றால் கட்டியிருந்தார். அரை நாளில் செய்து முடித்தாராம். அது வருவது ஒரு நிலைக்கு முன்னாலேயே கேட்கும், அப்படி ஒரு கிறீச்சல். அதில் உள்ள பதினொரு குறைகளை வரிசையாக எழுதி அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "மூணு வேளையா சார்? சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். அப்படிப்பட்ட ஆள்.

அந்த ஆள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளிடம் வண்டியை நிறுத்தி, "அண்ணி, அந்தப் பெட்டிய இதுல போடுங்க" என்பார். ஒரே ஒரு தடவை அவள் பெட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன், அவ்வளவுதான். அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். வேறு ஒருவர் வண்டியில், அதுவும் நான் பதினொரு குறை சொன்ன வண்டியில், என் பெட்டி போனால் நன்றாகவா இருக்கும்? எங்கள் வண்டி வரப்போகிறது என்று அவரிடம் சொன்னேன். "பேறுகாலம் ரெண்டு வருஷமா சார்? யானைக்குக்கூட முடிஞ்சிருக்குமே" என்றார்.

கடைசியில் நானே வரைந்தேன். வெல்டிங் பட்டறைக்காரர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது சண்டைக்குப் போகிறதா என்று கேட்டார். மூன்று சக்கரம், காற்றில்லாத கெட்டி ரப்பர், ஒவ்வொன்றிலும் இரண்டு பேரிங். துப்பாக்கி வானம் பார்த்து நிற்கத் தாங்கி. சரிவில் பிடிக்க பிரேக். பின்னால் பித்தளைத் தகட்டில் என் பெயர். கைப்பிடி உயரத்துக்குப் புத்தகத்தில் இருந்த அளவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, இடுப்புக்குக் கீழே எத்தனை அங்குலம் என்று அளந்து, அவள் இழுப்பதற்கு வாகாகக் கைப்பிடியை வைத்தேன். மனைவிமேல் அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா என்று நீங்களே சொல்லுங்கள்.

வண்டிக்கு உறை அவள் தைத்தாள். கெட்டித் துணி, ஊசி இரண்டு முறை முறிந்தது. காஜா எடுத்துக்கொண்டே, "வண்டி மேல வெயில் படக்கூடாது, தூசி படக்கூடாதுன்னு சட்டை தைக்கிறேன். அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா உங்ககிட்ட வண்டியாத்தான் பொறக்கணும்" என்றாள். சொன்னேனே, நகைச்சுவை உணர்வு அதிகம்.

வண்டி முடிந்தது. எப்போது என்று கேட்பீர்கள். சாம்பியன்ஷிப் போட்டிக்கு நான்கு மாதம் முன்னால். இதைக் கேட்டு மைத்துனர் தலையில் அடித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அவர் பேருந்து ஓட்டுகிறவர், மற்றவர் செய்து கொடுத்த வண்டியில் ஏறி உட்கார்கிறவர். ஒரு பொருளை முதன்முதலில் நாலு பேர் முன்னால் கொண்டுவருவது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு, பத்துப் பேர் கொட்டாவி விடுகிற இடத்துக்கு, அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. சாம்பியன்ஷிப்புக்கு வெளியூர் ஆட்கள் இருநூறு பேர் வருவார்கள். அதுவரை கீழே எங்கள் கார் கொட்டகையில், உறைக்குள் இருக்கட்டும் என்றேன். நான்கு மாதம்தானே.

அந்த நான்கு மாதத்தின் நடுவில்தான் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஒவ்வொரு படித் திருப்பத்திலும் நின்று, குனிந்து, செருப்பின் வாரைச் சரி செய்வாள். அவள் செருப்பில் வார் கிடையாது. நான் ஆய்வாளர், இதெல்லாம் என் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் நானே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். போட்டிக்கு அப்போது ஐந்து வாரம் இருந்தது.

அவளை ரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, மருத்துவர் அம்மா என்னை உட்கார வைத்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, அறுவை செய்ய வேண்டியிருக்கும், நாள் குறிக்க அடுத்த திங்கட்கிழமை இருவரும் வாருங்கள் என்றார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதுவரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணிகூட. புரியுதுங்களா?" என்று கேட்டார். புரிகிறது என்றேன். எனக்குப் புரிந்தது, ஐயா. புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை.

வெளியே வந்து அவளிடம், ரத்தம் கொஞ்சம் குறைவாம், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார் என்றேன். அவள் பயந்த சுபாவம். ஐந்து வாரத்தில் போட்டியை வைத்துக்கொண்டு அவளைப் பயமுறுத்துவதில் என்ன பயன்? அடுத்த திங்கட்கிழமை என்று மருத்துவர் சொன்னதைப் போட்டிக்கு அடுத்த திங்கட்கிழமை என்று என் நோட்டில் குறித்துக்கொண்டேன். மாத்திரையை எங்கள் மருந்துக்கடைக்காரரிடம் வாங்கவில்லை, நாலு தெரு தள்ளி வாங்கினேன். சீட்டைப் பார்த்தால் அது எதற்கு என்று அவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் வாய் சும்மா இருக்காது. ஆனால் ஒருவேளைகூடத் தவறவிடாமல் தண்ணீரும் மாத்திரையுமாக நான்தான் அவள் கையில் கொடுத்தேன். "என்ன இது, புது மாப்பிள்ளை உபசாரமா இருக்கு" என்று விழுங்குவாள்.

சுமையையும் குறைத்தேன். இருபத்து மூன்றைப் பத்தொன்பது ஆக்கினேன். மடக்கு நாற்காலியை நானே தூக்க ஆரம்பித்தேன். அன்று அவள் தம்பியிடம் தொலைபேசியில் பேசியது அடுத்த அறையில் எனக்குக் கேட்டது. "மாமாவுக்கு இப்பல்லாம் என் மேல ரொம்ப பிரியம்டா. நாற்காலிய அவரே தூக்குறாரு, தெரியுமா?" மைத்துனர் புகாரில் இந்தப் பேச்சையும் எழுதியிருக்கிறாரா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அது என் பக்கத்துச் சாட்சி.

போட்டியன்று விடியற்காலையில் ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. கொட்டகையில் உறையைக் கழற்றினேன். ஐயா, அதை நீங்கள் பார்க்க வேண்டும். ஏழு பூச்சு பெயின்ட், முகம் பார்க்கலாம். வெளியே தெருவைப் பார்த்தேன். நம் தெருவே இப்படிச் சேறாக இருந்தால் குவாரிப் பாதை எப்படி இருக்கும்? உறையைத் திரும்ப மாட்டினேன். அவள் ஒரு பக்கமாகக் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். "சேறுன்னா என்னங்க, சக்கரம்தானே? நான் கழுவித் தர்றேன். பல்லு விளக்குற பிரஷ்ஷால கழுவித் தர்றேன், போதுமா?" என்றாள். முதல் நாளே சேறா என்று மட்டும்தான் நான் கேட்டேன். பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டாள். வண்டி இருந்தும் கொண்டுபோகவில்லையா என்று நீங்கள் கேட்டீர்களே, இதுதான் பதில். மழை.

ஐந்து நிலைகள் வரை நான் நன்றாகவே சுட்டேன். ஆறாவது நிலைக்குப் போகும் வழியில் அவள் மூன்று முறை நின்றாள். மருந்துக்கடைக்காரர் கிறீச்சல் வண்டியோடு நெருங்கி வந்தார். "சார், அண்ணி முகமே சரியில்ல" என்றார். இரும்புச்சத்துக் குறைவு, மாத்திரை சாப்பிடுகிறாள் என்றேன். என்ன மாத்திரை என்று அவர் கேட்டார். அதற்குள் எங்கள் குழுவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆறாவது முடிந்து ஏழாவதற்குக் கிளம்பும்போது அவள், "நீங்க முன்னால போங்க. நான் கொஞ்சம் உக்காந்து வர்றேன். உங்க முறை வந்துடப் போகுது" என்றாள். போனேன். முறை தவறினால் அந்த நிலைக்குப் பூஜ்யம் போடுவார்கள். அது அவளுக்கும் தெரியும்.

ஏழாவது நிலையை இருபத்தாறு புள்ளி நான்கு வினாடியில் முடித்தேன். ஆறு வருடத்தில் என்னுடைய சிறந்த நேரம் அது. பிறகு நடுவரோடு அட்டை அட்டையாகப் போய் மதிப்பெண் பார்க்க வேண்டும். ஓர் அட்டையில் ஓட்டை கோட்டைத் தொட்டிருந்தது. நடுவர் வெளியே என்றார், நான் உள்ளே என்றேன். தோட்டாவின் அளவுக்கு வட்டம் வரைந்த கண்ணாடித் தாளை வைத்து அளக்கச் சொன்னேன். அது அவர் சட்டைப் பையில் இல்லை, கருவிப் பெட்டியில் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்து அளந்தார். உள்ளேதான். அப்போதுதான் பாதைப் பக்கமிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தினார். ஸ்டிக்கர் தீர்ந்துபோய், அவளிடம் இருக்கும் என்று வாங்கப் போயிருக்கிறார். நான் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனேன். போடாவிட்டால் தாள் செல்லாது.

மருந்துக்கடைக்காரர் தன் வண்டியிலிருந்த சாமான் எல்லாவற்றையும் சேற்றில் தள்ளிவிட்டிருந்தார். துப்பாக்கியை மட்டும் நடுவர் கையில் கொடுத்தார். நாலு பேர் அவள் உடம்பிலிருந்து பைகளைக் கழற்றி, அவளைத் தூக்கி அந்தக் குழந்தைவண்டிப் பலகைமேல் கிடத்தினார்கள். கால் வெளியே தொங்கியது. வாசல் வரை நானூறு மீட்டர். சக்கரம் சரளையில் இரண்டு முறை புதைந்தது, பதினொரு குறையில் அது நான்காவது. என் வண்டியாக இருந்தால் நான்கு நிமிடத்தில் போயிருக்கலாம். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் அழுதுகொண்டே தள்ளினார், அந்த நேரத்தில் அவர் மனதைப் புண்படுத்துவானேன்?

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தேன். கை சூடாகத்தான் இருந்தது. உள்ளங்கையில் பை வாரின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அழுத்தித் தேய்த்தால் போய்விடும் என்று தேய்த்துக்கொண்டே போனேன்.

மருத்துவமனையில் அவள் முழங்கையைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்கள். பழுப்பு ஸ்டிக்கர்கள், ஒன்பது. அட்டையில் ஓட்டை விழுந்தால் அதை மூடுவதற்கு என்றேன்.

எல்லாம் முடிந்து நாலாவது நாள், காரில் கிடந்த பைகளை நான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரே தடவையில் முடியவில்லை. பாதியைக் கீழே வைத்துவிட்டுப் போனேன். இரண்டாவது திருப்பத்தில் நின்று, சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்தார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. குனிந்து செருப்பைச் சரி செய்வதுபோல் செய்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போன பிறகும் என்னால் நிமிர முடியவில்லை. வீட்டுக்குள் தையல் மெஷினில் ஒரு சீருடைச் சட்டை, ஒரு கையோடு நிற்கிறது. யாருடையது என்று கேட்டு யாரும் வரவில்லை. ஊசியைத் தூக்கி அதை வெளியே எடுக்க எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட கேள்வி.

ஏழாவது நிலையின் தொடக்கம் வித்தியாசமானது. சுடுபவன் குறி அட்டைகளுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். டைமர் கூவிய பிறகுதான் திரும்பலாம். குழுவில் மற்ற எல்லோரும் அட்டைகளைப் பார்த்து நிற்பார்கள், நான் ஒருவன்தான் அவர்களைப் பார்த்து நிற்பேன். அவர்கள் தலைக்கு மேலே, மண்சுவரின் இடைவெளியில், பாதை தெரியும். அவர்கள் யாருக்கும் தெரியாது. எல்லோர் காதிலும் காதுமூடி. ஆகவே என்னைத் தவிர ஒருவரும் பார்த்திருக்க முடியாது என்று நீங்கள் கணித்தது சரி.

பார்த்தேன். அவள் பைகளோடு எழுந்தாள். மூன்று அடி நடந்தாள். முதலில் மண்டி போட்டாள், தோட்டாப் பெட்டியைப் பத்திரமாகக் கீழே வைத்தாள், பிறகு அதன்மேல் சாய்ந்து ஒருக்களித்து விழுந்தாள். கால் இரண்டு முறை உதைத்தது.

நடுவர் அப்போது என்னிடம், "தயாரா?" என்று கேட்டார். எங்கள் விதிப்படி தயார் இல்லை என்றால் சொல்ல வேண்டும், அல்லது தலையை ஆட்ட வேண்டும். பேசாமல் நின்றால் தயார் என்று பொருள். தலையை ஆட்டியிருந்தால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. காத்திருந்து மறுபடி கூப்பிடுவார்கள், ஒரு புள்ளிகூடக் குறைக்க மாட்டார்கள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் அன்று என் கை நடுங்கவில்லை, ஐயா. முன்னால் நீட்டிப் பார்த்தேன், விரல்நுனிவரை கல் மாதிரி நின்றது. ஆறு வருடத்தில் அப்படி ஒரு நிதானம் வந்ததில்லை. அதைக் கலைக்க மனம் வரவில்லை. பேசாமல் நின்றேன். டைமர் கூவியது. திரும்பினேன்.

அவள் விழுந்ததிலிருந்து மருந்துக்கடைக்காரர் கத்தும்வரை ஒன்பது நிமிடம். அதற்குள் யாராவது போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று நானே மருத்துவமனையில் கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார்கள். இவ்வளவும் என் கையால் எழுதியது, யாரும் என்னை வற்புறுத்தவில்லை. அவளை இறக்க விட்டவன் நான்தான். கையெழுத்தை ஒவ்வொரு பக்கத்தின் கீழும் போட்டிருக்கிறேன்.

மைத்துனரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவை, கனமாக இருக்கிறது என்று அவள் வாயைத் திறந்து சொல்லியிருந்தால், நான் அந்த நிமிடமே வாங்கிக்கொண்டிருப்பேன்.